சம்மதம் என்னும் அருட்சாதனம்: கத்தோலிக்கத் திருமணத்தை ஆக்குவது எது?

கேள்வி

தமிழ்க் கத்தோலிக்கத் திருமணத்தில் கோயிலே எழுந்து நின்று மலர் தூவும் நேரம் ஒன்று உண்டு. மணமகன் தாலியை எடுத்து மணமகளின் கழுத்தருகே கொண்டு செல்வான், நாத்தனார் பின்னால் நின்று முடிச்சுக்கு உதவுவாள், மணி ஒலிக்கும், மேளம் இருந்தால் மேளமும் சேர்ந்துகொள்ளும். வந்திருப்பவர்களைப் பொறுத்தவரை திருமணம் அப்போதுதான் நடக்கிறது. திருச்சபைச் சட்டத்தின்படி அது சில நிமிடங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. மணமக்கள் வலக்கைகளைப் பற்றிக்கொண்டு, குருவானவர் நீட்டிய மைக்கில், வாழ்நாளெல்லாம் பிரமாணிக்கமாயிருப்பதாக ஒருவருக்கொருவர் வாக்களித்தார்களே, அதுதான் திருமணம். அந்த நேரத்தில் பின்வரிசைகளில் பேச்சு ஓய்ந்திருக்காது. மணமகளின் குரல் பலருக்குக் கேட்டும் இருக்காது.

திருமணம் ஓர் அருட்சாதனம் என்பதை நம் பங்குகளில் இரண்டு விதமாக விளக்குவது வழக்கம். கோயிலில் குருவானவர் மந்திரித்து நடத்திவைப்பதால் அது அருட்சாதனம் என்பது ஒன்று. பிரிக்க முடியாதது என்பதால் அது அருட்சாதனம் என்பது மற்றொன்று. முதல் விளக்கம் இலத்தீன் மரபின் போதனைக்குப் பொருந்தாது. இரண்டாவது, விளைவைக் காரணமாகக் காட்டுகிறது. இவ்விரண்டுக்கும் அடியில் இருப்பது மணமக்களின் சம்மதம். அந்தக் கொள்கை எப்படி உருவானது, அதிலிருந்து என்னென்ன விளைவுகள் எழுகின்றன, குடும்பம் பார்த்து முடிக்கும் திருமணமே வழக்கமாக உள்ள நம் சூழலில் அதன் நிலை என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சம்மதமா, கூடலா?

திருமணத்தை ஆக்குவது சம்மதமே என்ற எண்ணத்தைத் திருச்சபை உரோமைச் சட்டத்திலிருந்து பெற்றது. கி.பி. 866இல் பல்கேரியர்களின் கேள்விகளுக்கு விடையளித்த திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், முடிசூட்டல், காணிக்கை, ஆசீர் முதலிய சடங்குகளை விவரித்துவிட்டு, வசதியில்லாதவர்கள் இவற்றை விட்டுவிட்டாலும் குற்றமில்லை, சட்டப்படியான சம்மதம் இருந்தால் போதும் என்றார். சடங்கு செய்யப் பணமில்லாத ஏழையின் திருமணமும் முழுமையான திருமணமே என்பது அவ்விடையின் உட்பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில் இப்படி ஒரு நிலைப்பாடு எடுக்கப்பட்டது எளிய செய்தியன்று.

12ஆம் நூற்றாண்டில் இது பெரும் விவாதமாயிற்று. 1140ஐ ஒட்டித் திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்த பொலோஞாவின் கிராசியன், சம்மதம் திருமணத்தைத் தொடங்குகிறது, உடலுறவே அதை நிறைவாக்குகிறது என்றார். பாரிசின் பீட்டர் லொம்பார்து சம்மதம் மட்டுமே போதும் என்று வாதிட்டார். பாரிஸ் தரப்பு கையில் வைத்திருந்த வலுவான சான்று நாசரேத்துக் குடும்பம். உடலுறவுதான் திருமணத்தை ஆக்குகிறது என்றால் மரியாவும் சூசையப்பரும் கணவன் மனைவியரே அல்லர் என்றாகிவிடுமே என்று அவர்கள் கேட்டார்கள். திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் (1159–1181) தம் தீர்ப்புகள் வழியாக இரண்டையும் இணைத்தார். சம்மதத்தால் திருமணம் உண்டாகிறது, உடலுறவால் அது எவராலும் கலைக்க முடியாததாகிறது. இன்றைய 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் இந்தத் தடத்திலேயே செல்கிறது. திருமுழுக்குப் பெற்ற இருவரின் திருமணம் உடலுறவால் நிறைவுற்ற பின் எந்த மனித அதிகாரமும் அதைக் கலைக்க இயலாது என்கிறது 1141ஆம் எண். நிறைவுறாத திருமணத்தைத் தகுந்த காரணத்துக்காகத் திருத்தந்தை கலைக்கலாம் என்கிறது 1142.

இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் இறையியல் முடிவு வியப்பூட்டுவது. திருமணம் என்ற அருட்சாதனத்தை நிறைவேற்றுபவர்கள் மணமக்களே. ஒருவர் மற்றவருக்கு அதை வழங்குகிறார். குருவானவர் திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டு ஏற்கிறார். 16ஆம் நூற்றாண்டில் மெல்கியோர் கானோ என்ற தோமினிக் சபை இறையியலாளர் குருவே இந்த அருட்சாதனத்தை நிறைவேற்றும் பணியாளர் என்று வாதிட்டார். அந்தக் கருத்து இலத்தீன் திருச்சபையில் நிலைக்கவில்லை. கீழைத் திருச்சபைகளின் மரபு வேறு. அங்கே குருவின் ஆசீரும் செல்லுபடிக்கு இன்றியமையாதது. நமக்கு அண்டையிலுள்ள சீரோ மலபார் திருச்சபையும் அம்மரபைச் சேர்ந்ததே. இலத்தீன் சட்டம் சம்மதத்தை எவ்வளவு தூரம் நம்புகிறது என்பதற்கு 1116ஆம் எண்ணைப் பார்க்கலாம். ஒரு மாத காலம் குருவானவர் கிடைக்கமாட்டார் என்ற நிலையில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மணமக்கள் சம்மதம் கூறினாலே திருமணம் செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்துக்கு ஏற்பளித்த 1967ஆம் ஆண்டுத் தமிழகத் திருத்தத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. புறப்பட்ட இடங்கள் முற்றிலும் வேறானவை. இருவரின் சொல்லை நம்பலாம் என்பதில் இரண்டும் சந்திக்கின்றன.

திரெந்துச் சங்கமும் பெற்றோரின் அதிகாரமும்

சம்மதம் மட்டுமே போதும் என்றால் சாட்சியில்லாமல் மறைவில் நடக்கும் திருமணமும் செல்லும். ஐரோப்பாவில் இது பெருந்துயரை விளைவித்தது. ஒருத்திக்கு மறைவில் வாக்களித்தவன் பின்னர் மறுத்துவிட்டு வேறொருத்தியைக் கோயிலில் மணப்பான். முதல் பெண்ணிடம் காட்டுவதற்குச் சான்று எதுவும் இராது. திரெந்துப் பொதுச்சங்கம் 1563 நவம்பர் 11 அன்று ‘தாமெட்சி’ ஆணையின் மூலம் பங்குத்தந்தையும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் இன்றித் திருமணம் செல்லாது என்று விதித்தது. திருமண ஓலையை மூன்று முறை வாசிக்க வேண்டும் என்பதையும் அவ்வாணை வலியுறுத்தியது. நம் பங்குகளில் ஞாயிறு பூசை முடிவில் ஓலை வாசிப்பதன் பின்னணி இதுதான்.

அந்த ஆணை எளிதில் நிறைவேறவில்லை. சம்மதம்தான் திருமணத்தை ஆக்குகிறதென்றால், உண்மையான சம்மதம் இருந்தும் அதைச் செல்லாது என்று அறிவிக்கத் திருச்சபைக்கு ஏது அதிகாரம் எனக் கணிசமான ஆயர்கள் எதிர்த்தார்கள். சங்கம் கண்ட வழி நுட்பமானது. சம்மதத்தின் தன்மையை அது தொடவில்லை. குறிப்பிட்ட முறைக்கு வெளியே சம்மதம் தரும் தகுதி அந்நபர்களுக்கு இல்லை என்று விதித்தது.

நமக்கு இன்னும் முக்கியமானது அந்தச் சங்கத்தில் தோற்றுப்போன ஒரு கோரிக்கை. பெற்றோரின் அனுமதியின்றிப் பிள்ளைகள் செய்யும் திருமணத்தைச் செல்லாததாக்க வேண்டும் என்று பிரெஞ்சு அரசின் தூதர்கள் வற்புறுத்தினார்கள். சொத்தும் குலப்பெருமையும் அதன் பின்னால் இருந்தன. அத்தகைய திருமணம் செய்யும் பிள்ளைகளின் வாரிசுரிமையைப் பெற்றோர் பறிக்கலாம் என்று பிரெஞ்சு அரசன் இரண்டாம் ஹென்றி 1556இலேயே ஆணையிட்டிருந்தான். சங்கம் இணங்கவில்லை. பெற்றோரின் அனுமதி இல்லாததால் ஒரு திருமணம் செல்லாதென்று சொல்வோரைக் கண்டித்தது. அத்திருமணங்களைத் திருச்சபை என்றும் விரும்பியதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அந்தக் கண்டனத்தை எழுதியது என்பதையும் மறைக்கக் கூடாது. விரும்பாத ஒன்றையும் செல்லும் என்றே சங்கம் சொன்னது. தந்தையின் அதிகாரம் கேள்வி கேட்கப்படாத ஒரு காலத்தில், மணமக்களின் சொல்லுக்கு மேலே தந்தையின் சொல்லை வைக்க மறுத்த அம்முடிவு கத்தோலிக்க வரலாற்றில் பெருமைக்குரியது என்பது என் கருத்து. தமிழ் மறைக்கல்வியில் இதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

தாலி: மறக்கப்பட்ட ஒரு விதி

தமிழ் மண்ணில் இந்தக் கொள்கை தாலியை எதிர்கொண்டது. இராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்த காலம் முதல், எந்த வழக்கம் சமயம் சார்ந்தது, எது சமூகம் சார்ந்தது என்ற கேள்வி மறைப்பணியாளர்களைப் பிரித்தே வைத்திருந்தது. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை அதற்கு ஒரு முடிவு கட்ட முயன்றது. வரலாற்று நூல்கள் அந்த ஆணையில் பெரும்பாலும் இரண்டு செய்திகளைத்தான் எடுத்துக்காட்டும். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, சிலுவையோ மாதா உருவமோ உள்ள தாலி அணியலாம் என்பது ஒன்று. மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு கூடாது என்பது மற்றொன்று. இன்று தமிழ்க் கத்தோலிக்கப் பெண்களின் தாலியில் சிலுவையையும் புறாவையும் காண்பதற்கு அக்காலச் சர்ச்சைகளே அடிப்படை.

அதே ஆணையில் வேறொரு விதியும் உள்ளது. ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குப் பெற்றோரே முடிவுசெய்து தாலி கட்டிவைத்து, அதைக் கலைக்க முடியாத திருமணமாகக் கருதும் வழக்கத்தை அது தடைசெய்கிறது. உரிய வயதும் உரிய சம்மதமும் இல்லாத அது திருமணமே அன்று என்கிறது. தூர்னோன் தமிழ்ப் பண்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் நடந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. அவர் இங்கே இருந்தது சில மாதங்களே. மதுரை மறைப்பணித்தளத்தை அவர் பார்த்ததில்லை. எனினும் இந்த ஒரு விதியில் அவர் பக்கமே நிற்க வேண்டும். தாலியில் இருந்த உருவத்தைப் பற்றிய சர்ச்சை நூல்களில் நிலைத்துவிட்டது. தாலி கட்டப்பட்ட குழந்தைக்கு வாய் திறக்க உரிமை இருந்ததா என்ற கேள்வி கவனிப்பாரின்றிப் போயிற்று.

தாலியைக் கைவிட வேண்டும் என்பது என் வாதமன்று. சம்மதத்தின் அடையாளமாக அது வழிபாட்டில் இடம்பெறுவது முறையானதே. சம்மதத்தின் இடத்தைத் தாலி பிடித்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். அப்போது பெண் சொன்ன சொல் பின்னுக்குப் போய், அவள் கழுத்தில் ஏறியது மட்டுமே திருமணமாகிவிடுகிறது.

விளைவுகள்: பிணைப்பும் அருளும்

புனித அகுஸ்தீனார் திருமணத்தின் நன்மைகளை மூன்றாக வகுத்தார்: மக்கட்பேறு, பிரமாணிக்கம், கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவின் அடையாளமாகிய பிரிக்கவொண்ணா இணைப்பு. எபேசியர் திருமுகத்தின் 5ஆம் அதிகாரமே மூன்றாவதற்கு அடிப்படை. இம்மூன்றும் நெடுங்காலம் பாடத்திட்டம் போலக் கற்பிக்கப்பட்டன. 1930இல் வெளிவந்த ‘காஸ்தி கொன்னூபியி’ சுற்றுமடலும் இவற்றின் மீதே எழுப்பப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் திருமணத்தை வாழ்வும் அன்பும் பகிரப்படும் உடன்படிக்கை என்று விளக்கியது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் தம்பதியரின் நலனை மக்கட்பேற்றோடு சேர்த்தே சொல்கிறது. மனைவியின் நலன் திருமணத்தின் நோக்கங்களில் ஒன்று எனச் சட்டத்திலேயே இடம்பெற்றது சிறிய மாற்றமன்று.

விளைவுகளில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். செல்லுபடியாகும் சம்மதத்திலிருந்து ஒரு பிணைப்பு உண்டாகிறது. அது தம்பதியரின் மனநிலையைப் பொறுத்ததன்று. இருவரில் ஒருவர் இறக்கும்வரை நீடிக்கும். மற்றொன்று அருள். அது வாழ்க்கைக் கடமைகளைச் சுமக்கத் தம்பதியரை உறுதிப்படுத்துகிறது. அருள் கனி தருவது ஏற்பவரின் உள்ளத்தைப் பொறுத்தது. பாவநிலையில் திருமணம் செய்தவருக்கும் பிணைப்பு உண்டு. அருளோ மனந்திரும்பும்வரை தடைபட்டு நிற்கும் என்பது இறையியலாளர்களின் விளக்கம். அன்பு குளிர்ந்துவிட்டது, ஆகவே திருமணமும் போய்விட்டது என்று கத்தோலிக்கர் சொல்ல முடியாததற்குக் காரணம் இந்த வேறுபாடே. கோயிலில் மணம் முடித்துவிட்டோம், இனி எல்லாம் தானாக நடக்கும் என்றிருக்க முடியாததற்கும் அதுவே காரணம்.

நம் மக்களிடையே நிலவும் சில தவறான எண்ணங்களை இங்கே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பிணைப்பு அழியாதது என்பதால் அடியையும் உதையையும் தாங்கிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ உள்ளத்தளவிலோ பேராபத்து இருந்தால் பிரிந்து வாழ நியாயம் உண்டு என்கிறது 1153ஆம் எண். தாமதம் ஆபத்தென்றால் ஆயரின் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சில வேளைகளில் பிரிவு ஒழுக்க நெறிப்படியே தேவையாகிவிடுகிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் ‘அமோரிஸ் லெத்தீசியா’ மடலில் எழுதினார். கணவன் விட்டுச் சென்ற பெண் நற்கருணை வாங்கக் கூடாது என்று பங்குகளில் பேசப்படுவதும் தவறு. பிரிந்தோ மணமுறிவு பெற்றோ மறுமணமின்றி வாழ்பவருக்கு அப்படியொரு தடை இல்லை. வரிசையில் நிற்கத் தயங்கி ஆண்டுக்கணக்கில் பின்பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் பெண்கள் நம் கோயில்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த உண்மையைச் சொல்லும் கடமை பங்குத்தந்தைக்கு உண்டு.

மரியாதையும் அச்சமும்

சம்மதத்தை எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய இயலாது என்கிறது 1057ஆம் எண். தந்தை, ஊர்ப் பெரியவர், ஆயர் என எவரும் மணமகளுக்குப் பதிலாகச் சம்மதிக்க முடியாது. வற்புறுத்தலாலோ வெளியிலிருந்து வந்த கடும் அச்சத்தாலோ ஒருவர் வேறுவழியின்றித் திருமணத்தைத் தேர்ந்திருந்தால் அது செல்லாது (1103). அந்த அச்சம் வேண்டுமென்றே ஊட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை.

குடும்பம் பார்த்து முடிக்கும் திருமணம் வேறு, கட்டாயத் திருமணம் வேறு. பெற்றோர் தேடிக் கொண்டுவந்த வரனைப் பார்த்துப் பேசி, யோசித்து, சரி என்று சொல்லும் பெண்ணின் சம்மதம் முழுமையானது. இந்த வேறுபாட்டைக் காணாமல் நம் திருமணமுறை முழுவதையும் ஐயத்துக்குரியதாக்குவது அநீதி. இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதிதான் கடினமானது. திருச்சபைச் சட்ட அறிஞர்கள் அதை ‘மரியாதை அச்சம்’ என்பர்: பெற்றோரின் மனம் நோகுமே, அவர்கள் முகத்தில் விழிக்க முடியாதே என்ற அச்சம். பெற்றோரின் வருத்தம் மட்டும் திருமணத்தைச் செல்லாததாக்குவதில்லை. மிரட்டலும் ஓயாத நச்சரிப்பும் நெடுநாள் முகங்கொடுக்காமையும் சேரும்போது அது கடும் அச்சமாகிறது என்பதே திருச்சபை நீதிமன்றங்களின் நிலைப்பாடு. தந்தை சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார், தாய் உயிரை விட்டுவிடுவேன் என்கிறாள், அண்ணன் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான், படிப்பு நின்றுபோகிறது. நமக்கெல்லாம் தெரிந்த காட்சிகள் இவை. இத்தனைக்கும் பிறகு பீடத்தின் முன் அவள் சொல்லும் சொல் எத்தகையது? அவளுக்கு அந்த மணமகன் மீதோ அத்திருமணத்தின் மீதோ வெறுப்பு இருந்ததா, அதை மீறி வற்புறுத்தல் நடந்ததா என்ற இரண்டையும் நீதிமன்றம் பின்னாளில் தேடும். அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் வற்புறுத்திய அதே உறவினர்கள். பெண்ணின் துயரம் இங்கே இரட்டிப்பாகிறது.

சாதியைப் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்க இயலாது. சட்டத்தொகுப்பு 1083 முதல் 1094 வரை 12 திருமணத் தடைகளை வரையறுக்கிறது. இரத்த உறவு அவற்றுள் ஒன்று. தமிழ் வழக்கில் உரிமையாகவே கருதப்படும் அத்தை மகளையோ மாமன் மகளையோ மணக்க வேண்டுமானால் விலக்குப் பெற்றாக வேண்டும். சாதி அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் தடுப்பதற்கு விலக்குக் கேட்டு விண்ணப்பம் எழுதுகிறோம். சட்டம் தடுக்காத சாதிக்கு அஞ்சிப் பிள்ளைகளின் வாயை அடைக்கிறோம். சாதி கடந்து திருமணம் செய்ய விரும்பும் திருமுழுக்குப் பெற்ற இருவரைத் தடுப்பவர், ஓர் அருட்சாதனத்தின் பணியாளர்களைத் தடுக்கிறார். இதைப் பிரசங்க மேடையிலிருந்து கேட்கும் ஞாயிறுகள் மிக அரிது.

இரண்டு சட்டங்களுக்கு நடுவே

உடைந்துபோன திருமணங்களோடு வருவோருக்கு மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் உண்டு. அது மணமுறிவு வழங்குவதில்லை. தொடக்கத்திலேயே செல்லுபடியாகும் சம்மதம் இருந்ததா என்றுதான் ஆராய்கிறது. கட்டாயம், ஏமாற்று (1098), திருமணப் பொறுப்பை ஏற்கும் உளநலம் இன்மை (1095) ஆகியவை காரணங்களாகலாம். திருமணம் செல்லாதென்று தீர்ப்பானாலும், பெற்றோரில் ஒருவராவது நல்லெண்ணத்தோடு மணந்திருந்தால் பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகளே. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த நடைமுறையை எளிதாக்கினார். இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்பைத் தர வேண்டும் என்ற பழைய விதி நீங்கியது.

இந்தியக் கத்தோலிக்கர் இன்னொரு வாசலையும் கடக்க வேண்டியுள்ளது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி கோயிலில் நடக்கும் திருமணத்தை நாடு ஏற்கிறது. திருச்சபை நீதிமன்றத்தின் தீர்ப்பை அது ஏற்பதில்லை. உச்ச நீதிமன்றம் 1996இலும் 2017இலும் இதைத் தெளிவாக்கியது. 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டமே கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும். கணவனின் பிறன்மனை நாட்டத்தோடு கொடுமை போன்ற இன்னொரு குற்றத்தையும் மனைவி நிறுவ வேண்டும் என்றிருந்த அச்சட்டத்தின் அநீதி 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. திருச்சபைத் தீர்ப்பு மட்டும் பெற்று மறுமணம் செய்பவர் நாட்டுச் சட்டத்தின் முன் இருதார மணக் குற்றவாளியாகலாம். நாட்டு நீதிமன்றத்தின் மணமுறிவை மட்டும் பெற்றவர் திருச்சபையில் மணம் செய்ய இயலாது. வழக்கறிஞர் கட்டணமும் ஆண்டுக்கணக்கான அலைச்சலும் இரண்டு இடங்களிலும் காத்திருக்கின்றன.

செய்ய வேண்டியது

இத்தனை துயரங்களுக்கும் தொடக்கம் திருமணத்துக்கு முந்தைய சில வாரங்களில்தான். ஓலை வாசிப்பதற்கு முன் மணமக்கள் ஒவ்வொருவரையும் விசாரித்து, கட்டாயம் ஏதுமில்லை என்று எழுதி வாங்கும் முறை நம் பங்குகளில் உள்ளது. மண்டபம் பதிவாகி, அழைப்பிதழ் அச்சாகி, தாயும் தந்தையும் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு ஒரு பெண் என்ன பதில் சொல்வாள்?

பங்குத்தந்தையருக்கு ஒரு வேண்டுகோள். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மணமகளையும் மணமகனையும் தனித்தனியே சந்தியுங்கள். பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். அருட்சகோதரி ஒருவரோ பயிற்சி பெற்ற பெண் ஒருவரோ மணமகளோடு பேச ஏற்பாடு செய்யுங்கள். அவள் வேண்டாம் என்றால் அந்த மறுப்பை வெளியே வந்து குடும்பத்திடம் சொல்லும் பாரத்தை அவள்மீது போடாமல் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.